மியூசியத்தில் சாமி கும்பிடச் சொன்னேன்

போன சனிக்கிழமை நான் ஒரு ஐந்து வயதுப் பெண்ணைத் தொலைத்துவிட்டேன். சான் பிரான்சிஸ்கோவில், பட்டப்பகலில், ஒரு மியூசியத்துக்குள்.

அதுவும் என் பெண்ணா? இல்லை. அடுத்தவர் வீட்டுப் பெண்!

பதறாதீர்கள். குழந்தை கிடைத்துவிட்டது. கிடைத்திருக்காவிட்டால் நான் இப்படி காபி டம்ளரோடு உட்கார்ந்து உங்களுக்குப் பத்தி எழுதிக்கொண்டிருப்பேனா? ஆனால் இரண்டு நாளாக நடுராத்திரியில் விழிப்பு வந்து, ‘கிடைத்துவிட்டாள், கிடைத்துவிட்டாள்’ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரும்பிப் படுக்கிறேன். உங்களிடம் கொட்டிவிட்டால் கொஞ்சம் தூக்கம் வரும் என்று ஒரு நம்பிக்கை.

சான் ரமோனில் எங்கள் அபார்ட்மென்ட்டுக்கு நேர் கீழ் வீட்டில் முத்துவும் கோமதியும் இருக்கிறார்கள். கோமதிக்குச் சொந்த ஊர் சங்கரன்கோவில். மூத்தவள் மித்ரா, கிண்டர்கார்டன் போகிறாள். அடுத்தது கைக்குழந்தை, பிறந்து இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை. பிரசவத்துக்கு வரவேண்டிய கோமதியின் அம்மாவுக்கு விசா வரவில்லை. ஆக, பத்தியச் சாப்பாட்டில் இருந்து பாப்பாவைக் குளிப்பாட்டுவது வரை எல்லாம் இவர்களே.

இதில் மித்ரா வேறு. தம்பிப் பாப்பா வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவளுக்கு முகமே சரியில்லை. சாப்பிடு என்றால் சாப்பிடுவதில்லை. தூங்கு என்றால் தூங்குவதில்லை. அம்மா கூப்பிட்டால் காதில் விழாத மாதிரி நடந்து போகிறாள். கோமதி என் மனைவி சுதாவிடம் சொல்லி அழுதிருக்கிறாள்.

சுதாவுக்கு யாராவது அழுதால் தாங்காது. உடனே ஒரு பொறுப்பைத் தலையில் ஏற்றிக்கொள்வாள். அது எப்படியோ என் தலைக்கு இறங்கிவிடும்.

“சனிக்கிழமை மித்ராவ நாங்க கூட்டிட்டுப் போறோம். நீ பாப்பாவோட சேர்ந்து நல்லா தூங்கு.”

“என்னை விட்டுட்டு எங்கயும் போனதில்லக்கா. உங்களப் படுத்திருவா…”

“அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம். எங்களுக்கென்ன, ஒரு பிள்ளைய வளர்க்கலையா?”

சனிக்கிழமை காலையில் கோமதி, பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். முத்துவுக்கு அன்றைக்கு ஆபீசில் சாஃப்ட்வேர் ரிலீஸ், லீவு கிடையாது. மித்ராவின் முதுகில் ஒரு குட்டிப் பை. அதற்குள் முறுக்கு, தண்ணீர் பாட்டில், மாற்று டிரெஸ். “ஆன்ட்டி, அங்கிள் சொல்றதக் கேக்கணும், என்னட்டி?” என்றாள் கோமதி. மித்ரா அம்மாவின் முகத்தையே பார்க்கவில்லை. நேராக வந்து சுதாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

எங்கே போவது? என் சாய்ஸ்தான். மியூசியத்தில் கம்போடியாவின் பழைய கெமர் அரசர்கள் காலத்துச் சிலைகளை வைத்து ஒரு ஸ்பெஷல் எக்ஸிபிஷன் போட்டிருந்தார்கள். பன்னிரண்டு வயது மகன் ஆதவுக்கும் நம்ம பெருமை கொஞ்சம் தெரியட்டுமே!

கம்போடியாவில் நமக்கு என்ன பெருமை என்று கேட்கிறீர்களா? அப்படியானால் உங்களுக்கு ஃபேமிலி குரூப்பே இல்லை என்று அர்த்தம். அங்கோர்வாட்டைக் கட்டியவன் தமிழன் என்று எனக்கு மாதம் ஒரு முறையாவது ஃபார்வர்டு வந்துவிடும். கடைசி வரியில் ‘தமிழன் என்றால் ஷேர் செய்’ என்று இருக்கும். நானும் தமிழன்… செய்துவிடுவேன்.

பக்கத்து ஊர் டப்ளின் ஸ்டேஷனில் ரயில் ஏறியதுமே ஆரம்பித்துவிட்டேன்.

“அந்தக் கோயிலக் கட்டின ராஜா பேரு சூரியவர்மன். பேரக் கவனி. நம்ம பல்லவ ராஜாங்க எல்லாம் யாரு? மகேந்திரவர்மன், நரசிம்மவர்மன்… எல்லாம் வர்மன். புரியுதா?”

ஆதவ் ஒரு காதிலிருந்து இயர்போனை எடுத்தான். “அப்பா, எங்க கிளாஸ்ல ஆர்யன்னு பேர்ல மூணு பசங்க இருக்காங்க. ஆர் தே ரிலேட்டட்?”

சுதா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாள்.

எனக்கு ஒரு வியாதி உண்டு. பழைய வாசகர்களுக்குத் தெரியும். எதிரே ஒரு ஆள் உட்கார்ந்து கேட்கிற மாதிரி தெரிந்தால் போதும், நாக்கு தானாக நீண்டுவிடும். அன்றைக்கு எதிரே மித்ரா. கண் கொட்டாமல் கேட்டாள். அவளுக்கு என்ன புரிந்ததோ தெரியாது. எனக்கு அது தேவையும் இல்லை.

மியூசியத்தில் நல்ல கூட்டம். ஆனால் சத்தமே இல்லை. எல்லாம் மணற்கல் சிலைகள். படமெடுத்து நிற்கும் நாகங்கள், இடுப்பை ஒடித்து ஆடும் அப்சரஸ்கள், தொப்பையே இல்லாத ஒரு பிள்ளையார். பல சிலைகளுக்குக் கை இல்லை.

மித்ரா ஒன்றின் முன்னால் நின்றாள். “அங்கிள், வேர் ஆர் ஹிஸ் ஹேண்ட்ஸ்?”

“ரொம்பப் பழசுடா கண்ணு. உடைஞ்சு போச்சு.”

“யாரு உடைச்சா?”

“தெரியலையே.”

“ஹிஸ் மாம் வில் பி சோ மேட்” என்று சொல்லிவிட்டு நகர்ந்தாள். 

கடைசியில் ஒரு உள் அறை. அங்கே ஒரே இருட்டு. நடுவில் ஒரே ஒரு சிலை. அதன் மேல் மட்டும் மேலிருந்து விழும் வெளிச்சம். ஒரு ஆள் உயரம், கரேலென்ற கல், மெல்லிய சிரிப்பு. யார் வந்தாலும் அந்த அறைக்குள் குரல் தானாகத் தணிந்துவிடுகிறது. அசல் கர்ப்பக்கிரகம்தான், கற்பூர வாசனை மட்டும்தான் குறை.

“நான் ரெஸ்ட்ரூம் போயிட்டு வரேன்” என்றாள் சுதா. இரண்டடி போனவள் திரும்பி வந்தாள். “மித்ராவப் பாத்துக்கங்க. பேசிட்டே இருக்காதீங்க.”

எவ்வளவு தீர்க்கதரிசனம்!

மித்ரா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். குரலைத் தாழ்த்தி, “அங்கிள், இது ரியல் சாமியா?” என்றாள்.

“ரியல் சாமிதான். சங்கரநாராயணர். பாதி சிவன், பாதி பெருமாள். நல்லா கும்பிட்டுக்கோ.”

மித்ரா கை கூப்பிக் கண்ணை மூடினாள். உதடு அசைந்தது. பார்க்கப் பார்க்க எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கலிபோர்னியாவில் பிறந்த குழந்தை, கம்போடியா சிலை, ஆனாலும் பார், என்ன பக்தி! நான் பெற்ற பிள்ளை மாதிரி பெருமைப்பட்டேன். பெருமைப்பட்டதோடு நிறுத்தியிருக்கலாம்.

பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரப் பாட்டியம்மா. நாங்கள் பேசியதைக் கேட்டிருக்கிறார். “நீங்கள் இங்கே கைடா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

‘இல்லைங்க’ என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. சொன்னேனா?

“ஐ கேன் எக்ஸ்ப்ளெய்ன்” என்றேன்.

ஆரம்பத்தில் எல்லாம் சரியாகத்தான் சொன்னேன். வலது பாதி தலையில் ஜடை, அது சிவன். இடது பாதியில் கிரீடம், அது விஷ்ணு. நெற்றிக்கண்கூடப் பாதிதான், பாருங்கள். அம்மையார் “வாவ்” என்றார். அந்த ‘வாவ்’ கேட்டு இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் ஒரு ஜப்பானியக் குடும்பம். அவ்வளவுதான், எனக்கு மேடை கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. ‘எங்கள் ஊர் ஆட்கள் கப்பலேறிப் போய்க் கட்டியது இது’ என்று ஆரம்பித்தேன். பல்லவர், சோழர் எல்லாரையும் கம்போடியாவில் கொண்டுபோய் இறக்கினேன்.

“அப்பா.” ஆதவின் குரல். “ப்ளீஸ் ஸ்டாப். இங்க போர்டுல அப்படி இல்ல.”

“போர்டுல என்னடா?”

“கெமர் பீப்பிள் மேட் இட். அவங்க ராஜா, அவங்க ஆர்ட்டிஸ்ட்ஸ். இந்தியாலேர்ந்து சாமி, கதை, லாங்வேஜ் எல்லாம் வாங்கிக்கிட்டாங்க. பட் பில்ட் பண்ணது அவங்க. ஃபுல்லா ரீட் பண்ணிட்டேன்.”

“போர்டு எழுதினவனுக்கு எல்லாம் தெரியுமா?”

“ஃபார்வர்டு எழுதினவனுக்குத் தெரியுமா?”

ஜப்பானியக் குடும்பத்துக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் யார் தோற்கிறார்கள் என்று தெரிந்துவிட்டது. நானும் விடவில்லை. அப்பனும் மகனும் ஆயிரம் வருஷத்துக்கு மேல் பழைய சாமிக்கு முன்னால் நின்று அடிக்குரலில் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்.

சுதா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தாள். என்னைப் பார்த்தாள். ஆதவைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள்.

“மித்ரா எங்க?”

வாழ்க்கையில் எத்தனையோ கேள்விகளுக்குப் பதில் தெரியாமல் நின்றிருக்கிறேன். விசா இன்டர்வியூவில் நின்றிருக்கிறேன். ஆனால் இந்த மாதிரி ரத்தம் ஜில்லிட்டுப் போனது இதுவே முதல் தடவை.

“இங்கதான்… இப்பதான்… சாமி கும்பிட்டுட்டிருந்தா…”

சிலையைச் சுற்றி வந்தேன். இல்லை. வாசலிலிருந்து பார்த்தால் அறை முழுக்கத் தெரிந்த மாதிரிதான் இருந்தது. மஞ்சள் ஃபிராக் எதுவும் இல்லை. சொல்லப்போனால் மஞ்சள் ஃபிராக் என்பதே எனக்குத் தெரியாது. ஆதவ்தான் பின்னால் சொன்னான்.

மூன்று பேரும் மூன்று பக்கம் ஓடினோம். நாகம் இருந்த அறை, அப்சரஸ் அறை, புத்தகக் கடை, லிஃப்ட், மாடிப்படி. “மித்ரா! மித்ரா!” என்று நான் போட்ட சத்தத்தில் கூட்டமே திரும்பிப் பார்த்தது. மாடிப்படியின் கீழே கண்ணாடிக் கதவு. கதவுக்கு அந்தப் பக்கம் தெரு. பஸ், கார், சைக்கிள், முன்பின் தெரியாத ஆயிரம் மனிதர்கள்.

செக்யூரிட்டியில் ஒரு உயரமான பெண்மணி வந்தார். நிதானமாகத்தான் பேசினார். வாக்கி டாக்கியில் கதவுகளுக்கெல்லாம் தகவல் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“நீங்கள் குழந்தையின் அப்பாவா?”

“நோ.”

“மாமா? சித்தப்பா?”

“நோ.”

“என்ன டிரெஸ் போட்டிருந்தாள்?”

“பிங்க்… இல்லை…”

“யெல்லோ ஃபிராக்” என்றான் ஆதவ். “பர்ப்பிள் ஷூஸ். ஒரு ஷூவுல வெல்க்ரோ சரியா ஒட்டாது.” அவன் குரல் உடைந்துவிட்டது. ரயிலில் இயர்போன் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த பையன் இதையெல்லாம் எப்போது பார்த்தான்? நான் ஏன் பார்க்கவில்லை?

அந்தப் பெண்மணி என்னை ஒரு பார்வை பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

“கோமதிக்கு போன் பண்ணணும்” என்றாள் சுதா.

“கொஞ்சம் இரு. கிடைச்சிடுவா. பச்சை உடம்புக்காரி, அவகிட்ட போய் இதச் சொல்லுவியா? அவ அங்க உக்காந்து என்ன பண்ணுவா?”

“பெத்தவ அவதாங்க. அவளுக்குத் தெரியணும்.”

“ஒரு அஞ்சு நிமிஷம்…”

“நீங்க கோமதிக்காகச் சொல்றீங்களா, உங்களுக்காகச் சொல்றீங்களா?”

எனக்காகத்தான். என்ன முகத்தோடு சொல்வது? ‘உன் பெண்ணை என்னிடம் கொடுத்தாய், நான் லெக்சர் அடித்துக்கொண்டிருந்தேன்’ என்றா? சுதா எனக்காகக் காத்திருக்கவில்லை. ஸ்பீக்கரில் போட்டுவிட்டாள்.

முதல் ரிங்கிலேயே எடுத்துவிட்டாள் கோமதி. தூங்கவில்லை. எப்படித் தூங்குவாள்?

“அக்கா? மித்ரா படுத்துறாளா?”

சுதாவுக்கு அழுகைதான் வந்தது. நான்தான் சொன்னேன். “கோமதி… மித்ராவக் காணோம்மா. தேடிட்டிருக்கோம். மியூசியத்துக்குள்ளதான்… இருக்கணும்.”

அந்தப் பக்கம் பாப்பா சிணுங்கியது. கத்துவாள், திட்டுவாள் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். கோமதி கேட்டது வேறு.

“கடைசியா எங்கண்ணே பாத்தீக?”

“ஒரு சிலைகிட்ட. உள்ளே ஒரு ரூம்ல.”

“சாமி சிலையா?”

“ஆமா.”

“கும்பிட்டாளா?”

“நான்தான்மா கும்பிடச் சொன்னேன். ரியல் சாமின்னு சொன்னேன்.”

கோமதி மூச்சை இழுத்து விட்டது எங்களுக்குக் கேட்டது.

“அப்பம் அந்த ரூம்லதாண்ணே இருப்பா. சாமி கும்பிட்டா கொஞ்ச நேரம் உக்காந்துட்டுத்தான் எந்திரிக்கணும்னு சொல்லி வச்சிருக்கேன். நடுவுல உக்காந்தா ஆளுக்கு இடைஞ்சல்னு ஓரமா, மறைவாத்தான் உக்காருவோம். அப்பம் பேசக்கூடாதும்பேன். நான் ‘போலாமா’ன்னு சொன்னாத்தான் எந்திரிப்பா. போய்ப் பாருங்கண்ணே… ஓரமாப் பாருங்க.”

கோயிலுக்குப் போனால் உட்கார்ந்துவிட்டு வருவது! எனக்குத் தெரியாத வழக்கமா இது? ஆனால் நாங்கள் எப்படி உட்காருவோம் தெரியுமா? பார்க்கிங்கில் காரை எடுக்கிற அவசரத்தில், முழங்காலை லேசாக மடக்கி, தரையைத் தொட்டதாகப் பேர் பண்ணிவிட்டு எழுந்துவிடுவோம். ஒரு ஐந்து வயதுக் குழந்தை அதை அப்படியே, முழுசாக, சொன்னது சொன்னபடி செய்யும் என்று எனக்கு எப்படித் தோன்றும்?

ஓடினோம். செக்யூரிட்டி பெண்மணியும் எங்களோடு ஓடிவந்தார்.

உள் அறையில், சிலைக்குப் பின்னால், கொஞ்சம் தள்ளி ஒரு அகலமான தடுப்பு. அதில் கோயில் வாசலின் மேல் இருந்த நீளமான சிற்பக் கல் ஒன்றைப் பதித்திருந்தார்கள். தடுப்புக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி. பெரியவர்கள் யாரும் அதற்குள் போக மாட்டார்கள். போகத் தோன்றவும் தோன்றாது.

“அப்பா!” என்றான் ஆதவ். தரையைக் காட்டினான்.

இரண்டு பர்ப்பிள் ஷூக்கள். ஜோடியாக, ஒழுங்காக, ஓரமாக.

அதற்குப் பக்கத்தில் மித்ரா. சம்மணம் போட்டு, முதுகைச் சுவரில் சாய்த்து, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அந்த நொடியில் எனக்கு என்ன ஆயிற்று என்று எழுதத் தெரியவில்லை. போன உயிர் திரும்பி வந்தது என்பார்களே… எனக்கு வந்தது. அந்த இருட்டில் நின்றபடியே அழுதுவிட்டேன். வெட்கப்படவில்லை.

சுதா மண்டியிட்டு, “மித்ரா… கண்ணம்மா… வாடா” என்று தூக்கப் போனாள். மித்ரா கண்ணைத் திறக்காமலே தலையை ஆட்டினாள். மாட்டாளாம். ஒரு விரலை உதட்டில் வைத்து எங்களை அடக்கினாள்!

சுதா போனை அவள் பக்கம் நீட்டினாள்.

“மித்ரா” என்றது கோமதியின் குரல். கொஞ்சம் நடுங்கியது. “போலாமாட்டி?”

சட்டென்று கண் திறந்தது. தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எழுந்தாள். சுற்றும் முற்றும் பார்த்தாள். “அம்மா? வேர் ஆர் யூ?”

“வீட்லதான் இருக்கேன். ஆன்ட்டி கையப் பிடிச்சிட்டு வா.”

“ஓகே.”

அவ்வளவுதான். ஓகே! ஒரு மியூசியத்தையே தலைகீழாகப் புரட்டிப் போட்ட விஷயத்துக்கு ஒரு ‘ஓகே’.

“நாங்க அத்தனை தடவை கூப்பிட்டோமே, கேக்கலையாடா?” என்றேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

“கேட்டுது அங்கிள். பட் சாமிகிட்ட உக்காந்திருந்தா பேசக் கூடாது. யூ ஆர் சோ லவுட்.”

செக்யூரிட்டி பெண்மணிக்கு விஷயத்தை ஆதவ் ஆங்கிலத்தில் விளக்கினான். அவர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு வாக்கி டாக்கியை எடுத்து, குழந்தை பத்திரம் என்று சொன்னார். என் தோளைத் தட்டி, “நல்ல பழக்கம்தான். அடுத்த தடவை நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள்” என்றார். 

அந்த வெள்ளைக்கார அம்மையார் இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருந்தார், பாவம். குழந்தையைப் பார்த்ததும் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் அவரிடம் போனேன். “மேடம், நான் கைடு இல்லை. கடைசியில் சொன்னதும் சரியில்லை. இதைக் கட்டியது கம்போடியா மக்கள்தான். போர்டில் இருப்பதுதான் சரி” என்றேன்.

“தெரியும்” என்றார் அவர். “நான் போர்டைப் படித்துவிட்டுத்தான் உங்களைக் கேட்டேன்.”

ஆதவ் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அந்தக் கருணையை நான் மறக்க மாட்டேன்.

வெளியே வரும்போது மித்ரா, “அங்கிள், இந்தக் கோயில்ல பிரசாதம் இல்லையா?” என்று கேட்டாள். கஃபேயில் ஆளுக்கொரு புளூபெரி மஃபின் வாங்கினோம். அவள் தன்னுடையதில் ஒரு துண்டைப் பிய்த்து டிஷ்யூவில் சுற்றிப் பைக்குள் வைத்தாள். “தம்பிக்கா?” என்றாள் சுதா. “நோ, ஹி ஹாஸ் நோ டீத்! அம்மாவுக்கு.”

திரும்பி வரும் ரயிலில் நான் வாயே திறக்கவில்லை. மித்ரா என் மடியில் தலை வைத்துத் தூங்கினாள். எனக்கு ஒரே யோசனை. கடல் தாண்டி இருக்கிற அடுத்தவர் கோயிலை எங்களுடையது, எங்களுடையது என்று அத்தனை பேரிடம் உரிமை கொண்டாடினேனே… என்னை நம்பிக் கொடுத்த அடுத்தவர் குழந்தையைப் பார்த்துக்கொண்டேனா? நம்மில் பல பேருக்கு இந்தக் கோளாறு இருக்கிறது. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய பெருமை என்றால் கண் அகல விரியும். இப்போது பக்கத்தில் நிற்கிறவர் என்ன கலர் சட்டை போட்டிருக்கிறார் என்று தெரியாது.

சாயங்காலம் கீழ் வீட்டுக் கதவைத் தட்டும்போது என் கை தயங்கியது. போனில் அமைதியாகப் பேசினாள், சரி. நேரில்? பெற்றவள் ஆயிற்றே. என்ன சொன்னாலும் தலையைக் குனிந்து கேட்டுக்கொள்வது என்று முடிவு பண்ணிக்கொண்டேன்.

கதவு திறந்தது. மித்ரா பையைத் திறந்து டிஷ்யூ பொட்டலத்தை நீட்டினாள். “அம்மா, பிரசாதம்.” கோமதி அதை இரண்டு கையாலும் வாங்கினாள். அப்படியே வாசலில் உட்கார்ந்து பெண்ணைக் கட்டிக்கொண்டாள். போனில் வராத அழுகை அத்தனையும் இப்போது வந்தது.

“மன்னிச்சிடும்மா” என்றேன். “என் கவனக் குறைவுதான்.”

“இல்லண்ணே…” என்று மூக்கை உறிஞ்சினாள். “பயந்துதான் போனேன். நீங்க ஓடிப் போய்ப் பாக்குறவரைக்கும் கையும் ஓடல, காலும் ஓடல. ஆனா அதுக்கு அழலண்ணே.”

பிறகு?

“பாப்பா பொறந்ததுலேர்ந்து நான் சொல்றது ஒண்ணும் கேக்க மாட்டா. எம் மேல அம்புட்டு கோவம். அம்மாவே வேண்டாம்னு விட்டுட்டாளோன்னு நெனச்சிட்டிருந்தேன். முன்னெல்லாம் வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனா நானும் அவளும் மட்டும்தான். அந்த ஓரத்துல எம் மேல சாஞ்சு உக்காந்திருப்பா. இப்பம் தீட்டுன்னு கோயிலுக்கே போகலையா… அங்க தனியா உக்காந்து, நான் சொல்லட்டும்னு இருந்திருக்கா பாத்தீகளா?” மித்ராவின் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

மித்ரா அம்மாவின் கன்னத்தைத் துடைத்துவிட்டு, “சாப்பிடு, சாப்பிடு” என்று மஃபின் துண்டை ஊட்டினாள்.

நாங்கள் மித்ராவைத் தேடிக்கொண்டிருந்த அந்த நேரமெல்லாம் மித்ரா தொலைந்தே போகவில்லை. அம்மா சொல்லட்டும் என்று அம்மாவுக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். 

பேச்சை மாற்ற வேண்டும் என்று, “அந்த சாமி யாரு தெரியுமாம்மா? உங்க ஊரு சங்கரநாராயணர்தான்” என்றேன். கோமதி சட்டென்று கை கூப்பினாள். ‘பாத்தியா, நம்ம ஆளுங்கதான்…’ என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சுதா என்னைப் பார்த்தாள். விழுங்கிவிட்டேன்.

கிளம்பும்போது கோமதி கூப்பிட்டாள். “அண்ணே, அடுத்த சனிக்கிழமையும் கூட்டிட்டுப் போறீகளா? வந்ததுலேர்ந்து சிரிச்ச முகமா இருக்கா.”

பிள்ளையைத் தொலைத்தவனிடமே மறுபடியும் பிள்ளையைக் கொடுக்கிறாள்! ‘சரிம்மா’ என்று சொல்லும்போது எனக்குக் கண் கலங்கியது. இந்த நாட்டுக்கு வந்து எனக்குக் கிடைத்த எந்த நல்ல பெயரும் இதற்கு முன் நிற்காது.

இந்தச் சனிக்கிழமை பார்க்குக்குப் போகிறோம். எந்த மரத்தடியிலும் பிள்ளையார் இல்லை என்று நேற்றே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.